நீர்ப் பூதம் வாய்க்கால் வெட்ட வந்ததல்ல

ஒருவர் கதை நடத்த, மற்றவர்கள் பாத்திரங்களாகிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். மன்னார்குடியில் அதைப் புதிதாக ஆடத் தொடங்கிய பிள்ளைகளோடு சென்ற மாதம் உட்கார்ந்திருந்தேன். கதை நடத்திய தம்பி, நான் எட்டு ஆண்டுகளுக்கு முன் விழுந்த அதே குழியில் சிரித்துக்கொண்டே இறங்கினார். பகடையைத் தவறாகக் கூட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். நாலு ஆட்டத்தில் அவை தாமே சரியாகிவிடும். மந்திரத்தால் பூதங்களை அழைப்பதில் புதியவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

நீர்ப் பூதத்தை ஆறு என்று நினைப்பது

மேட்டூர் திறந்து ஒரு மாதமாகியும் தண்ணீர் எட்டாத எங்கள் கடைமடை ஊரையே பெயர் மாற்றி, அன்று நான் நடத்திய கதையில் வைத்திருந்தேன். மேல்மடைக்காரர்கள் மதகை அடைத்துவிட்டார்கள். அவர்களோடு பேசுவதா, இரவில் போய்ப் பலகையைத் தூக்குவதா, அரசனிடம் முறையிடுவதா? மூன்று வாரம் எழுதிய முடிச்சு. மந்திரவாதியாக ஆடியவர், “நீர்ப் பூதத்தை அழைத்து வயலுக்குப் பாய்ச்சச் சொல்கிறேன்” என்றார். நானும் சரி என்றேன். ஐந்து நிமிடத்தில் கதை முடிந்தது. வாங்கி வைத்த முறுக்கில் பாதிகூடத் தீரவில்லை.

நம்மை ஏமாற்றுவது சொல்தான். ஐம்பூதத்திலும் பூதம், புளியமரத்திலும் பூதம். நீராகிய பூதம் வேறு, நீரால் ஆன பூதம் வேறு.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி, நீர்ப் பூதத்தை அழைக்க 10 அடி நீளம், அகலம், ஆழம் உள்ள நீர் முன்பே இருக்க வேண்டும். வெடித்துக் கிடக்கும் வயலில் அவ்வளவு நீர் நின்றால் பூதம் எதற்கு? சரி, அது தன் உடம்பையே கரைத்துப் பாய்ச்சுகிறது என்றே வையுங்கள். மொத்தம் 1,000 கன அடி. ஒரு மா நிலம் 14,400 சதுர அடி. பரப்பினால் ஓர் அங்குலம்கூட நிற்காது. ஒரு வேலிக்கு இருபது மா. நொடிக்கு ஒரு கன அடி ஓடும் வாய்க்கால் அதே நீரைப் பதினேழு நிமிடத்தில் கொண்டுவந்துவிடும். வயலில் வளர்ந்த எனக்கு அன்று இந்தக் கணக்கு தோன்றவில்லை என்பதுதான் இன்றும் எரிச்சல்.

அது செய்யக்கூடியது வேறு. ஒரு சுற்றில் 90 அடி நீந்தும். மதகுக் காவலனைச் சுருட்டி மூச்சுத் திணற வைக்கும். மறுநாள் மேல்மடைக்காரர்கள் முகத்தில் விழிக்க வேண்டியது நீங்கள்தான். கதை அங்கே பிழைத்துக்கொள்கிறது. அதன் அறிவு மதிப்பு வெறும் 5. முறைப்பாசன வரிசையை அதனிடம் விளக்கிக்கொண்டிருக்காதீர்கள்.

கவனம் சிதறினால் பூதம் மறைந்துவிடும் என்பது

மறையாது. அழைத்தவர் அடிபட்டுக் கவனம் தவறினால், அழைத்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் முடியும்வரை எதிரியாக நின்று அடிக்கும். திருப்பி அனுப்பவும் முடியாது.

ஆகாயப் பூதம் கேட்பது

விதிப்புத்தகத்தில் நான்குதான்.

நெருப்புப் பூதத்தை வைக்கோல் போர் அருகே நிறுத்துவது

வேண்டாம்.

மண் பூதத்தைத் தூர்வார அனுப்புவது

மன்னார்குடித் தம்பி இதைத்தான் செய்தார். மண் பூதம் மண்ணுக்குள் புகுந்து போகும், ஆனால் போன வழியில் மண் கலையாது. வாய்க்கால் முழுக்க அது போய் வந்தாலும் சேறு இருந்தபடியே இருக்கும். கட்டிய மதகுச் சுவரை அதனால் ஊடுருவவும் முடியாது, ஆனால் இடிப்பதில் இரட்டைப் பலம். அதைச் சொன்னதும் தம்பி பகடையைக் கையில் எடுத்துக்கொண்டு மதகைப் பார்க்கத் தொடங்கினார்.