ஓபியை விட்டுவிடாதீர்கள்: மருத்துவக் கல்விப் பிரிவுக்கு வரும் டாக்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவில், அதாவது பாடத்திட்டத்தைக் கவனித்து, கற்பிக்கும் டாக்டர்களுக்கும் பயிற்சி தரும் எம்இயுவில், வருடா வருடம் புதிதாகச் சிலர் வந்து சேர்கிறார்கள். பெரும்பாலும் இளம் அசிஸ்டென்ட் புரொஃபசர்கள். கெட்டிக்காரர்கள், ஆர்வத்துக்கும் குறைவில்லை. ஆனால் எங்கள் செட் சறுக்கிய அதே இடங்களில் வரிசையாகச் சறுக்குகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

ஸ்லைடில் எழுத்தை நெருக்கி அடைப்பது, ஒரு மணி நேர வகுப்பை ஒன்றரை மணி நேரம் இழுப்பது இதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை நாளடைவில் சரியாகிவிடும். நான் டாக்டரா, ஆசிரியரா, ஆசிரியர்களுக்கே பயிற்சி தருபவரா என்ற குழப்பத்தில் செய்யும் தவறுகள் மட்டும் இங்கே.

சான்றிதழைப் பெயரோடு ஒட்டிக்கொள்வது

மூன்று நாள் அடிப்படைப் பயிற்சி முடிந்த மறுநாளே இமெயில் கையொப்பத்தில் 'மருத்துவக் கல்வியாளர்' என்று ஏறிவிடுகிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 விதிகளிலேயே பதவி உயர்வுக்கு அந்தப் பயிற்சியைக் கேட்டுவிட்டார்கள். அப்படியென்றால் கல்லூரியில் எல்லோரும் வாங்கியாக வேண்டிய காகிதம் அது. எல்லோரிடமும் இருப்பதைக் காட்டினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஜிப்மரில் மருத்துவ ஆசிரியர்களுக்கான தேசியப் பயிற்சி மையம் 1970களிலேயே வந்துவிட்டது. இந்தத் துறை நேற்று முளைத்ததல்ல. மூன்று நாள் என்பது வாசற்படி, அவ்வளவுதான்.

சக டாக்டர்களிடம் எண்களில் பேசுவது

காம்பிடென்சி எண் (பாடத்திட்டம் ஒவ்வொரு திறனுக்கும் தரும் எண்), டொமைன் (அது அறிவா, செய்திறனா, மனப்பான்மையா என்ற பிரிவு), எஸ்எல்ஓ (வகுப்பு முடிவில் மாணவருக்கு என்ன வர வேண்டும் என்ற குறிக்கோள்). சர்ஜரி சீஃபிடம் இப்படி ஆரம்பித்தால் அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். "ஹெர்னியா கேஸில் பையன்கள் எங்கே சார் தடுமாறுகிறார்கள்?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார். எண்ணை நீங்கள் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

ஓபியையும் வார்டையும் கைவிடுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். எத்தனை பேர் செய்து பார்த்தாலும் எனக்கு எரிச்சல் குறையாத தவறு இது.

குழந்தைகள் நலத் துறையில் ஒரு மேடம் இருந்தார். அவருடைய பெட்சைடு வகுப்பு என்றால் வேறு யூனிட் மாணவர்களும் வந்து ஓரமாக நிற்பார்கள். நிமோனியா சந்தேகத்தில் வந்த குழந்தை என்றால் ஸ்டெதஸ்கோப்பைத் தொடவே விடமாட்டார். முதலில் சட்டையைத் தூக்கிவிட்டு, தாயின் மடியில் குழந்தை அழாமல் இருக்கும்போது, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கியவர்களைத் திரும்பவும் எண்ண வைப்பார். நிமிடத்துக்கு இத்தனை மூச்சைத் தொட்டால் வேகமான மூச்சு, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் என்றால் 50, அதற்கு மேல் ஐந்து வயதுக்குள் என்றால் 40 என்ற வரம்பைப் புத்தகத்தைப் பார்க்காமலே மாணவர்கள் சொன்னது அவரால்தான்.

இவ்வளவு நன்றாகச் சொல்லித் தருபவர் என்பதால் டீன் அவரை எம்இயு ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார். 2019-இல் புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டம் வந்த சமயம். கால அட்டவணை, லாக்புக் (மாணவர் செய்து முடித்தவற்றைப் பதிந்து ஆசிரியர் கையெழுத்திடும் ஏடு), ஏட்காம் (மனப்பான்மை, நெறிமுறை, நோயாளியோடு பேசுவது பற்றிய) வகுப்புகள், முதலாண்டு மாணவர்களுக்கான ஃபவுண்டேஷன் கோர்ஸ் என்று வேலை மலைபோல் வந்தது. முதலில் ஓபி நாளில் ஒரு மீட்டிங் விழுந்தது. "இன்னைக்கு ஒரு நாள் பார்த்துக்கோங்க" என்று யூனிட்டில் சொன்னார். அப்புறம் அட்மிஷன் டே, அதாவது யூனிட் புது நோயாளிகளை வார்டில் சேர்க்கும் நாள், போனது. கடைசியில் காலை ரவுண்ட்ஸும் போனது. யாரும் அவரை விலக்கவில்லை. அவராகவும் முடிவெடுத்து விலகவில்லை. நீர் வற்றுவது போல நடந்தது.

விளைவு பிஜிக்களுக்கான, அதாவது பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கான, ஒரு மாதிரித் தேர்வில் வெளியே வந்தது. ஓஸ்கி (நிலையம் நிலையமாகப் போய்ச் செய்து காட்டும் தேர்வு) நிலையம் ஒன்றை அவர் தயாரித்திருந்தார். வடிவமைப்பில் குறையே சொல்ல முடியாது: செக்லிஸ்ட், மதிப்பெண் பகிர்வு எல்லாம் கச்சிதம். கேள்வி, பிறக்கும்போதே மலம் கலந்த பனிக்குட நீரோடு துவண்டு வரும் குழந்தையைப் பற்றியது. குழாய் செலுத்தி மூச்சுக்குழலை உறிஞ்சுவதற்கு மதிப்பெண் வைத்திருந்தார். அதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று 2015-லேயே வழிகாட்டுதல் மாறிவிட்டது. உடனே மூச்சு கொடுக்க ஆரம்பித்த பிஜிக்கள் மதிப்பெண் இழந்தார்கள். பழைய நோட்ஸைப் படித்து வந்தவர் முழு மதிப்பெண் வாங்கினார். ஒரு பிஜி தயங்கித் தயங்கி வந்து சொன்னபோது அந்த அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பிரசவ அறையில் வாரம் ஒரு முறை நின்றிருந்தாலே இது நடந்திருக்காது. படிக்காததால் வந்த பிழை அல்ல அது. கையும் கண்ணும் அங்கே இல்லாததால் வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் ஒர்க்‌ஷாப்பில் நடத்துவதே இதைத்தான். மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-இல் முன்வைத்த திறன் பிரமிடு எல்லாப் பயிற்சியிலும் வரும்: தெரிந்திருப்பது, எப்படிச் செய்வது என்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, நிஜத்தில் செய்வது. 2016-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் குரூஸ் தம்பதியும் இவோன் ஸ்டைனர்ட்டும் அதன் உச்சியில் இன்னொரு படி வேண்டும் என்றார்கள். டாக்டரைப் போலவே யோசித்து, உணர்ந்து, நடந்துகொண்டு, டாக்டராகவே ஆகிவிடும் படி. மாணவர்கள் அந்தப் படிக்கு எப்படி வருகிறார்கள் என்று இரண்டு மணி நேரம் வகுப்பெடுக்கிறோம். நோயாளிகள் நடுவே, சீனியர்கள் நடுவே, திரும்பத் திரும்ப அந்த வேலையைச் செய்துதான் வருகிறார்கள். வருவதற்கு அது வேண்டும் என்றால், அங்கேயே நிலைத்து நிற்பதற்கும் அதே வேண்டாமா?

இன்னொரு இழப்பும் உண்டு. எம்இயுவுக்கென்று தனிப் பணியிடம் கிடையாது. உங்கள் சம்பளம், சீனியாரிட்டி, பதவி உயர்வு எல்லாம் தாய்த்துறையில்தான் இருக்கின்றன. டீன் மாறினால் ஒருங்கிணைப்பாளரும் மாறலாம். அந்த மேடத்துக்கும் அதுதான் நடந்தது. துறைக்குத் திரும்பியபோது அவருடைய யூனிட்டை வேறொருவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஹவுஸ் சர்ஜன்களுக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. "மேடம், நீங்க எந்த டிபார்ட்மென்ட்?" என்று ஒருவன் கேட்டானாம். பையன் மேல் தப்பில்லை.

கனடாவிலும் பிரிட்டனிலும் கல்வியியல் படித்துவிட்டு முழுநேரமாக இதே வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று பதவி இருக்கிறது, துறை இருக்கிறது. அதைப் பார்த்து இங்கே நாமும் முழுநேரக் கல்வியாளர் ஆகலாம் என்று இறங்கினால் கால் வைக்கத் தரை இருக்காது. (அனாடமி, ஃபிசியாலஜி ஆட்கள் பல கல்லூரிகளில் எம்இயுவை எங்களைவிட நன்றாகவே நடத்துகிறார்கள். அவர்கள் டிசெக்‌ஷன் ஹாலையும் லேபையும் விடுவதில்லை, கவனியுங்கள்.)

சரி, என்ன செய்வது? பொறுப்பை ஏற்கும் அன்றே டீனிடம் பேசி, ஒரு ஓபி நாளும் ஒரு அட்மிஷன் டேயும் உங்களுக்கு உண்டு என்று ஆணையிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை ஒரு மாதம்கூடத் தாங்காது. ஆணையில் 'கூடுதல் பொறுப்பு' என்று இருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: கூடுதல் என்றால் பழையது அங்கேயே இருக்கிறது. கமிட்டி மீட்டிங்கை நீங்களே கூட்டுங்கள், ஓபி இல்லாத நாளில் கூட்டுங்கள். பெட்சைடு வகுப்பில் ஒன்றையாவது யாருக்கும் தள்ளிவிடாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் ஃபீட்பேக் எப்படித் தருவது என்று பேசும்போது, போன வாரம் வார்டில் நீங்கள் தந்த ஃபீட்பேக்கை உதாரணமாகச் சொல்ல முடிய வேண்டும். அது இல்லையென்றால் பின்வரிசை சர்ஜன்கள் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் ஃபைல்களின் பொறுப்பாளர் ஆவது

ஒரு முறை ஒப்புக்கொண்டால் ஓய்வு பெறும் வரை நீங்கள்தான்.

பின்தேதியிட்டு லாக்புக்கில் கையெழுத்துப் போடுவது

போடாதீர்கள்.

"நான் வெறும் டாக்டர்தான்" என்று ஒதுங்குவது

இது எதிர்த் திசைத் தவறு. கேஸை முன்னால் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் கேள்வி கேட்டு, மாணவரின் காரணத்தைச் சொல்ல வைத்து, சரியானதைப் பாராட்டி, தவறைத் திருத்துவதும் கற்றுக்கொள்ள வேண்டிய திறமைதான். லம்பார் பங்ச்சர் (முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி நீர் எடுப்பது) போல அதற்கும் படிகள் உண்டு. "எங்க சீஃப் அப்படித்தான் திட்டினார், நாங்க கத்துக்கலையா?" என்பது பதில் இல்லை. அந்த சீஃபிடம் கற்காமல் ஓடிப்போனவர்கள் இப்போது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

சொந்த மாணவர்களையே ஆய்வுப் பொருளாக்குவது

பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும், மாணவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். உடனே கூகுள் ஃபார்ம் ஒன்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் விழுகிறது. எதிக்ஸ் கமிட்டி அனுமதி பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல்கள் மாணவர்களை, அதிகாரத்துக்குக் கீழே இருப்பதால் எளிதில் மறுக்க முடியாதவர்களோடு சேர்த்துத்தான் வைத்திருக்கின்றன. இன்டர்னல் மார்க் போடும் சார் கேட்டால் எந்த மாணவர் மாட்டேன் என்பார்? முதலில் கமிட்டியிடம் போங்கள். ஒப்புதல் படிவத்தை, அந்த பேட்சுக்கு மார்க் போடாத ஒருவரை விட்டு வாங்கச் சொல்லுங்கள். யார் மறுத்தார் என்ற பட்டியல் உங்கள் கைக்கு வரவே கூடாது.