அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை

வங்கிக் கணக்கு எங்கே தொடங்குவது, இந்தியன் ஸ்டோர் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் சொல்ல ஆபீஸில் நாலு பேர் இருப்பார்கள். இங்கே ஏன் எல்லாம் இப்படி இருக்கிறது என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. வந்த புதிதில் வினோதமாகப் படும் பல விஷயங்கள் 1930-களிலிருந்து 1960-கள் வரை எடுத்த முடிவுகளின் மிச்சம்.

முதல் சம்பளச் சீட்டைப் பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்துக்கு 6.2 சதவீதம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 சதவீதம் பிடித்திருப்பார்கள். கம்பெனியும் அதே அளவு கட்டும். முன்னது பெருமந்தத்தின் நடுவே 1935-ல் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம். பின்னது 1965-ல் அதிபர் ஜான்சன் காலத்தில் வந்தது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் இந்தப் பிடித்தம் உண்டு. ஓய்வூதியம் பெற 40 கிரெடிட், அதாவது சுமார் 10 வருஷ வேலை வேண்டும். அதற்குள் ஊர் திரும்பினால் கட்டிய பணம் கைக்கு வராது. எஃப்-1 மாணவர் விசாவில் ஓபிடி-யில், அதாவது படிப்போடு ஒட்டிய பயிற்சி வேலையில் இருப்பவர்களுக்கு முதல் 5 காலண்டர் வருஷங்களுக்குப் பொதுவாக இந்தப் பிடித்தம் கிடையாது. தெரியாமல் பிடித்திருந்தால் சம்பளம் போடும் பேரோல் பிரிவில் கேளுங்கள், திருப்பித் தருவார்கள்.

மருத்துவக் காப்பீடு ஏன் வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது? இரண்டாம் உலகப் போர். விலைவாசியைக் கட்டுப்படுத்த 1942-ல் சம்பள உயர்வுக்குக் கடிவாளம் போட்டார்கள். காப்பீட்டுக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஆள் கிடைக்காமல் திண்டாடிய கம்பெனிகள் அதைக் காட்டித் தொழிலாளிகளை இழுத்தன. 1954 வரிச் சட்டம் அந்தத் தொகைக்கு வரி இல்லை என்று உறுதியாக்கியது. போர் முடிந்தும் ஏற்பாடு தங்கிவிட்டது. ஆகவே வேலையில் சேர்ந்ததும் முதல் காரியமாகக் காப்பீட்டைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் 30 நாள்தான் கெடு. விட்டால் வருஷத்துக்கு ஒருமுறை வரும் ஓப்பன் என்ரோல்மென்ட் வரை காத்திருக்க வேண்டும். வேலை போனால் கோப்ரா சட்டத்தின்படி பொதுவாக 18 மாதம் அதே காப்பீட்டைத் தொடரலாம், ஆனால் முழுப் பணத்தையும் நீங்களே கட்ட வேண்டும். அந்தத் தொகையைப் பார்த்தால் தலை சுற்றும்.

வீடு தேடும்போதுதான் பழைய கதை நேரடியாக எதிரே வந்து நிற்கும். ரியல் எஸ்டேட் ஏஜென்டிடம் "இந்த ஏரியா நல்லதா? நம்ம ஆட்கள் இருக்காங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை சமையலறைக் கற்பலகை பற்றி மணிக்கணக்கில் பேசியவர், சட்டென்று மழுப்புவார். "நீங்களே இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்களேன்" என்பார். இன்னார் இன்ன இடத்தில் இருக்கட்டும் என்று வாடிக்கையாளரைத் திருப்பிவிடுவது 1968 நியாய வீட்டுவசதிச் சட்டப்படி கூடாது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் அந்தச் சட்டம் கையெழுத்தானது.

அதற்கு முன் நடந்தது சாதாரணமில்லை. 1930-களில் அரசு அமைப்பு ஒன்றே நகரங்களை வரைபடத்தில் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்தது. கறுப்பர்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பு. அரசு உத்தரவாதத்தோடு வந்த வீட்டுக் கடன் அங்கே எட்டிப் பார்க்கவில்லை. 1947-ல் நியூயார்க் பக்கம் லெவிட்டவுன் என்ற பெரிய புறநகர்க் குடியிருப்பு எழுந்தபோது, வெள்ளையரல்லாதவர் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். நம் ஊர் அக்கிரகாரத்தையும் சேரியையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரிச்மண்ட் பல்கலைக்கழகம் அந்த வரைபடங்களை இணையத்தில் போட்டிருக்கிறது. நீங்கள் வாடகைக்குப் பார்க்கும் தெரு எந்த நிறத்தில் இருந்தது என்று தேடிப் பாருங்கள். கலிஃபோர்னியாவில் பழைய வீடு வாங்கினால் பத்திரத்தோடு ஒரு அறிவிப்பும் வரும்: உள்ளே இனத்தின் பேரில் ஏதாவது தடை எழுதியிருந்தால் அது செல்லாது என்று.

நம்மவர்கள் உயிராகப் பார்க்கும் ஸ்கூல் ரேட்டிங்கும், அதாவது இணையத்தில் பள்ளிகளுக்குப் பத்துக்குப் போடும் மதிப்பெண்ணும், இதன் கிளைதான். அரசுப் பள்ளிகளின் பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரி. வீட்டு விலை ஏறிய இடத்தில் பள்ளியிலும் பணம். இது அரசியல் சாசனத்துக்கு முரணில்லை என்று 1973-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. பத்துக்குப் பத்து மதிப்பெண் எடுத்த பள்ளியைத் துரத்தி, கட்டுப்படியாகாத வாடகையில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்பது என் கட்சி. ஒருமுறை பள்ளிக்கு நேரில் போய்ப் பாருங்கள்.

அப்புறம் நாம் இங்கே வந்த கதை. 1923-ல், குடியுரிமை கேட்ட பஞ்சாபிக்காரர் பகத் சிங் திந்தின் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமை கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். 1946-ல் குடியுரிமைக்குக் கதவு திறந்தது, ஆனால் இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு 100 பேர் என்ற ஒதுக்கீட்டோடு. கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த 1965-ல்தான் நாடுவாரி ஒதுக்கீட்டை ஒழித்தார்கள். "நாம உழைச்சு முன்னுக்கு வந்தோம், அவங்களுக்கு என்ன கேடு" என்று விருந்துகளில் யாராவது கறுப்பர்களைப் பற்றி ஆரம்பித்தால், இந்த வருஷத்தை அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

ஒதுக்கீடு போனாலும் உச்சவரம்பு இருக்கிறது. வேலை வழியாகவும் குடும்ப வழியாகவும் வருஷந்தோறும் தரும் கிரீன் கார்டுகளில், அதாவது நிரந்தரக் குடியிருப்பு அனுமதிகளில், எந்த ஒரு நாட்டுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் இல்லை. இந்தியர் வரிசை நீளக் காரணம் அதுதான். உங்களுக்காகக் கம்பெனி போடும் கிரீன் கார்டு மனுவான ஐ-140-க்கு ஒப்புதல் வந்ததும் அதன் நகலைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வேலை மாறினாலும், மோசடி போன்ற காரணத்தால் ரத்தாகாதவரை, வரிசையில் உங்கள் இடத்தைக் காட்டும் தேதியான பிரயாரிட்டி டேட் உங்களோடு வரும்.