பொதுக் கிளஸ்டரில் ஆளுக்கொரு சான்றிதழ்

கோவையில் நாங்கள் பராமரிக்கும் குபர்னெடிஸ் கிளஸ்டரை (பல கணினிகளை இணைத்து மென்பொருள்களை இயக்கும் அமைப்பை) திருப்பூர்ப் பின்னலாடை ஆர்டர்களைக் கவனிக்கும் குழுவும், ஈரோட்டு மஞ்சள் வணிகத்துக்குக் கணக்கு மென்பொருள் எழுதும் குழுவும் பகிர்ந்துகொள்கின்றன. தொடக்கத்தில் கிளஸ்டருக்குள் நுழைய உதவும் நிர்வாகியின் கியூப்கான்ஃபிக் கோப்பையே எல்லோருக்கும் நகலெடுத்துக் கொடுத்திருந்தோம். ஒருநாள் ஒரு நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் பிரித்து ஒதுக்கிய பகுதி) முழுவதும் அழிந்தபோது, பதிவேட்டில் எல்லோருக்கும் ஒரே பெயர் இருந்ததால், அழித்தவர் யார் என்று கண்டறிய முடியவில்லை. அதன் பிறகே ஆளுக்கொரு சான்றிதழ், அதாவது இன்னார் என்று காட்டும் டிஜிட்டல் கோப்பு, வழங்கத் தொடங்கினோம்.

குபர்னெடிஸ் பயனர்களைத் தனியே பதிந்து வைப்பதில்லை. சான்றிதழின் சிஎன் (CN, பொதுப்பெயர்) புலத்தைப் பயனர் பெயராகவும், ஓ (O, அமைப்பு) புலத்தைக் குழுவாகவும், கிளஸ்டரின் நுழைவாயிலான ஏபிஐ சர்வர் எடுத்துக்கொள்கிறது.

பயனர் தம் கணினியிலேயே ஓபன்எஸ்எஸ்எல் கருவியைக் கொண்டு, தாம் மட்டுமே வைத்திருக்க வேண்டிய தனிச்சாவியையும், சிஎன் புலத்தில் தம் பெயர் உள்ள சான்றிதழ்க் கோரிக்கையையும் உருவாக்க வேண்டும். கோரிக்கை மட்டுமே நிர்வாகியிடம் வரவேண்டும்; யாரேனும் சாவியையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், தயங்காமல் இரண்டையும் புதிதாக உருவாக்கச் சொல்லுங்கள். வந்த கோரிக்கையை வரிமுறிவில்லாத பேஸ்64 எழுத்து வடிவில் சர்டிஃபிகேட்சைனிங்ரெக்வெஸ்ட் என்னும் குபர்னெடிஸ் பதிவில் இட்டு, கையொப்பமிடுபவராகக் கியூப்-ஏபிஐசர்வர்-கிளையன்டையும், பயன்பாடாகக் கிளையன்ட் ஆத் (பயனரை அடையாளம் காண்பது) என்பதையும் குறிப்பிடுங்கள். புலங்களைப் படித்துப் பார்த்த பின்னரே ஒப்புதல் அளியுங்கள். ஒப்புதல் பெற்ற கோரிக்கை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தானாக நீக்கப்படும் என்பதால், சான்றிதழை உடனே எடுத்துப் பயனரிடம் ஒப்படையுங்கள்.

காலவரையறையில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஏபிஐ சர்வர் ரத்துப் பட்டியல் எதையும் பார்ப்பதில்லை. கொடுத்த சான்றிதழ் காலாவதியாகும் வரை செல்லும். 1.22 பதிப்பு முதல் எக்ஸ்பிரேஷன்செகண்ட்ஸ் புலத்தில் குறைந்தது 600 நொடிகள் எனக் காலத்தைக் குறிக்கலாம்; குறிக்காவிட்டால் வழக்கமான அமைப்பில் ஓராண்டு கிடைக்கும். நாங்கள் 30 நாள், அதாவது 25,92,000 நொடிகள், கொடுக்கிறோம்.

ஓ புலத்தைக் காலியாக விடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. குழுவின் பெயர் சான்றிதழுக்குள் பதிந்துவிட்டால், ஒருவர் திருப்பூர்க் குழுவிலிருந்து ஈரோட்டுக் குழுவுக்கு மாறிய பின்னும் பழைய உரிமை அவரிடமே இருக்கும். முழு அதிகாரம் உள்ள சிஸ்டம்:மாஸ்டர்ஸ் குழுவை எழுதியிருந்தாலோ எந்த அனுமதி விதியும் அவரைத் தடுக்காது. இந்தக் கோரிக்கை முறை அதை வழக்கமாக மறுத்துவிடும். சிஏ (சான்றிதழ்களுக்குக் கையொப்பமிடும் அமைப்பு) சாவியைக் கொண்டு நேரடியாகக் கையொப்பமிடுபவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை.

உரிமையை ரோல்பைண்டிங் (பயனரையும் உரிமையையும் இணைக்கும் பதிவு) வழியே, உரிய நேம்ஸ்பேஸில் மட்டும், பயனர் பெயருக்கே கொடுங்கள். ஒருவர் விலகும்போது அந்த ரோல்பைண்டிங்கை நீக்கினால் போதும். ஆனால் அவருடைய சான்றிதழ் காலாவதியாகும் வரை அதே பெயரை வேறெவருக்கும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் பழைய சாவிக்கும் அந்த உரிமை கிடைத்துவிடும்.