ஹெப்படைட்டிஸ் பி ஊசி: நன்மை தீமை பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைக்கு இரண்டு மாதம் முடிந்து கிளினிக்குக்குப் போகும் நாள் நெருங்கினால், வீட்டில் ஒரு கேள்வி எழும். ஊசி போட்டால் காய்ச்சல் வரும், போடாவிட்டால் என்ன வந்துவிடும்? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பதில் தேடும்போது பலர் ஒரே இடங்களில் தவறுகிறார்கள்.

ஈரலைத் தாக்கும் கிருமியான ஹெப்படைட்டிஸ் பிக்கான மருந்தின் மேல் காய்ச்சல் பழியைப் போடுவது அதில் ஒன்று. இலங்கையில் 2, 4, 6 மாதங்களில் போடுவது கூட்டு ஊசி. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் கிருமி ஆகியவற்றுக்கான மருந்தும் அதில் உண்டு. காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் குக்கலுக்கான பகுதி. ஹெப்படைட்டிஸ் பி பகுதியால் வருவது அநேகமாக ஊசி போட்ட இடத்து நோவுதான். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் வரலாம். அதனால் ஊசி போட்டதும் ஓடி வராமல் கிளினிக்கில் அரை மணித்தியாலமாவது இருங்கள்.

பெரிய தவறு வயதைப் பார்க்காமல் விடுவது. இந்தக் கிருமி வளர்ந்தவருக்குத் தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு மேல் உடம்பே அதை விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் ஏறத்தாழ 90 வீதமானோரின் ஈரலில் அது நிரந்தரமாகத் தங்கிவிடும். ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் என்றால், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு. பிள்ளை சாப்பிடும், விளையாடும், பள்ளிக்கூடம் போகும், ஒன்றும் தெரியாது. பல பத்தாண்டுகள் கழித்து ஈரல் சுருங்கியோ புற்றுநோயாகவோ வெளிப்படும்போது உழைத்துக் குடும்பம் பார்க்கும் வயதாக இருக்கும். மருந்துகள் கிருமியை அடக்கி வைக்கும், முற்றாக ஒழிப்பது அரிது. நாளைக்கு வரும் காய்ச்சல் கண்ணுக்குத் தெரிகிறது, இது தெரிவதில்லை. அதனால்தான் காய்ச்சல் பெரிதாகப் படுகிறது.

இதோடு வெளிநாட்டு உறவுகளின் அறிவுரையும் வரும். "இங்கை ஏழாம் வகுப்பிலைதான் போடுறவை, நீங்கள் ஏன் பச்சைக் குழந்தைக்குப் போடுறியள்?" என்று ரொறன்ரோவிலிருந்து சித்தி கேட்பார். ஒன்ராறியோவில் அப்படித்தான், உண்மை. ஒவ்வொரு நாடும் தன் நிலைமைக்கேற்ப அட்டவணை வகுக்கிறது. பிரித்தானியாவும் முன்பு எல்லாக் குழந்தைகளுக்கும் போடவில்லை, 2017 முதல் போடுகிறது. தாய்வான் 1984இலேயே பிறந்த குழந்தைகளுக்குத் தொடங்கியது. பின்னர் அங்கே சிறுவர்களின் ஈரல் புற்றுநோய் தெளிவாகக் குறைந்தது.

அடுத்தது ஹெப்படைட்டிஸ் ஏ, பி இரண்டையும் ஒன்றாக்கும் குழப்பம். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கல் நிலத்தில், ஒரே வளவில் கிணறும் மலகூடக் குழியும் இருக்கும்போது, செங்கண்மாரி என்றதும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். தண்ணீரால் பரவுவது ஏ. நாட்பட்ட நோயாக அது மாறாது. பி பரவுவது இரத்தத்தாலும் உடல் திரவங்களாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும். ஆகவே கொதித்தாறிய தண்ணீர் பியைத் தடுக்காது. கீழ்காய்நெல்லியை நம்பி இருப்பதும் உதவாது, சிறுவயதில் தொற்றும் பி பெரும்பாலும் கண் மஞ்சளாகாமலே தங்கிவிடுகிறது.

2008இல் இலங்கையில் கூட்டு ஊசி இடைநிறுத்தப்பட்டதை இன்றும் சிலர் சொல்வார்கள். அறிமுகமான அதே ஆண்டில் சில குழந்தைகள் இறந்ததால் நிறுத்தினார்கள், ஆராய்ந்த பின் 2010இல் மீண்டும் கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் பாதியை மட்டும் சொல்லிப் பயமுறுத்துவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

சளி, இலேசான தடிமன், நிறைக்குறைவு என்று தள்ளிப்போட வேண்டாம். ஒன்று தவறிவிட்டாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் கிளினிக்கில் ஊசி இலவசம்.

தாய்க்குக் கிருமி இருப்பது தெரிந்தால் மட்டும் இரண்டு மாதம் காத்திருக்கக் கூடாது. பிறந்த 24 மணித்தியாலத்துக்குள் முதல் ஊசி, கூடவே முடிந்தால் 12 மணித்தியாலத்துக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற, கிருமியை எதிர்க்கும் ஆயத்தச் சத்து ஊசி. பிரசவத்துக்கு முன்பே வைத்தியரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.