கோயில் சுவரின் கல்வெட்டை வாசிக்கப் பழகுவது எப்படி

திருநெல்வேலிச் சீமையில் பழைய கோயில் ஒன்றின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் தலபுராணத்தையே கேட்கிறார்கள். வேதசர்மா உலர்த்திய நெல்லை மழைவெள்ளம் கொண்டுபோகாமல் நெல்லையப்பர் வேலியிட்டுக் காத்த கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கும் அதன்மேல் பெரும் பற்று உண்டு. ஆயினும் எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டில், யார், எதைக் கொடுத்தார் என்பதைச் சொல்வது கோயிலின் சுவர்தான்.

முதலில் கோயில் அலுவலகத்திலும் அர்ச்சகரிடமும் அனுமதி கேளுங்கள். வெயில் சாய்வாக விழும் காலையிலோ மாலையிலோ செல்லுங்கள். உச்சிப் பொழுதில் எழுத்தின் பள்ளம் தெரியாது. நிழல் விழுந்த பக்கங்களில் டார்ச் விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்துகள் எழுந்து நிற்கும். மாவு, சுண்ணாம்பு, எண்ணெய் எதையும் பூசவே கூடாது.

கருவறையின் வெளிச்சுவரிலும் அதற்குக் கீழே குமுதம், பட்டிகை ஆகிய அதிட்டான (அடித்தள) உறுப்புகளிலும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்ற தொடக்கத்தைத் தேடுங்கள். இந்தத் தொடக்கம் பெரும்பாலும், தமிழகத்தில் வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் இருக்கும். ஒரே வரி தெற்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர் வரை ஓடக்கூடும் என்பதால், வரியைப் பின்தொடர்ந்து நடந்தே படிக்க வேண்டும். மெய்யெழுத்தில் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடும் இராது, காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். நான் முதன்முதலாகத் தடுமாறிக் கூட்டிய சொல் 'திருநொநதாவிளககு'; அணையாமல் எரியவேண்டிய திருநொந்தா விளக்கு அது என்று புரிந்த மாலையில், எங்கள் ஊர்க் கருவறையின் எண்ணெய் வாசனைக்கே வேறு பொருள் வந்தது. அத்தகைய விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்பார்கள். இறந்தவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்ப, எண்ணிக்கை குறையாமல் நெய் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அடுத்து அரசனை அடையாளம் காண வேண்டும். பாண்டியரில் ஒரே பெயருடையோர் பலர் இருந்ததால் கல்வெட்டில் அரசனின் புகழைப் பாடும் பகுதியான மெய்க்கீர்த்தியின் முதற்சொற்களே துணை: 'பூமருவிய திருமடந்தையும்' என்றால் 1216இல் பட்டமேறிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன், 'திருமன்னி வளர' என்றால் முதலாம் இராசேந்திர சோழன். ஆண்டைக் கணக்கிடும்போது 'எதிர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'யாண்டு 2வதின் எதிர் 14வது' என்பது இரண்டையும் கூட்டி, 16ஆம் ஆட்சியாண்டைக் குறிக்கும். இதை அறியாமல் தவறாக எழுதிவைத்த குறிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். மலையாள நாட்டிலும் வழங்கும் கொல்லம் ஆண்டு இருந்தால் வேலை எளிது. ஆவணியில் தொடங்கும் அந்த ஆண்டோடு 824ஐயோ 825ஐயோ கூட்டுங்கள். கொல்லம் 500 என்பது 1324-25.

சோழர் இந்நாட்டைக் கைப்பற்றுவதற்கு முந்திய கல்வெட்டுகள் பெரும்பாலும் வட்டெழுத்து என்னும் பழைய எழுத்துமுறையில் இருக்கும்; அவற்றைப் பின்னர் வைத்துக்கொள்ளலாம்.

முடிவில் 'இது பன்மாகேசுவர ரக்ஷை' என்று வரும். சிவனடியார் அனைவரும் இந்தத் தருமத்தைக் காக்கட்டும் என்பது அதன் பொருள். அம்பாசமுத்திரம் அருகே திருவாலீசுவரத்தில், மூன்றுகை மகாசேனை என்னும் படையினரே கோயிலைக் காக்கப் பொறுப்பேற்றதைக் கல்வெட்டு சொல்கிறது. அவ்வளவு காவலோடு நிறுத்திய எழுத்தை, எங்கள் ஊர்த் திருப்பணியின்போது மணல்வீச்சு எந்திரம் ஒரே பகலில் மழுக்கிவிட்டது. அந்த வருத்தம் எனக்கு ஆறவில்லை. ஆகவே உங்கள் ஊரில் திருப்பணிப் பேச்சு எழுந்தவுடன், ஒவ்வொரு கல்லையும் திசையும் வரிசை எண்ணும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். தலைகீழாகவோ இடம் மாறியோ பதிக்கப்பட்ட துண்டுக் கற்களையும் விட்டுவிடாதீர்கள்.