ராத்திரி பதினொரு மணிப் பசிக்கு என்ன செய்யலாம்?

பதினொரு மணிக்கு வயிறு கிள்ளினால், ஏழரை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். மூன்று இட்லி, தேங்காய்ச் சட்னி, அவ்வளவுதானே? படுக்கும்வரை அது எப்படித் தாங்கும்? அதே இட்லியோடு கெட்டிச் சாம்பாரும் ஓர் அவித்த முட்டையும் சேர்த்தால் பசி தள்ளிப்போகும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. முட்டை சேராதவர்கள் ஒரு கிண்ணம் சுண்டல் வைத்துக்கொள்ளலாம். மத்தியானச் சாப்பாட்டை டீயும் பிஸ்கட்டுமாக ஓட்டிவிட்டு ராத்திரியில் புலம்புவது வேறு கதை. பகலில் போடாததை உடம்பு ராத்திரியில் கேட்கத்தான் செய்யும்.

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று விதமான பசி.

பெரியவன் பிளஸ் டூ. பன்னிரண்டு மணிவரை படிக்கிறான், அவனுக்கு வருவது நிஜப் பசி. அவனுக்காகக் காலையிலேயே கொண்டைக்கடலையை ஊறப்போட்டுவிடுவேன். சாயங்காலம் உப்புப் போட்டு ஐந்தாறு விசில், கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்துப் பாதியை அப்போதே தந்துவிட்டு மீதியை ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். பத்தரை மணிக்கு அதைச் சூடுபண்ணிக் கொடுத்தால் சரி. சுண்டல் இல்லாத நாளில் ஒரு வாழைப்பழமும் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையும். டீ மட்டும் கேட்டாலும் தரமாட்டேன். டீ பசியைக் கொஞ்ச நேரம் அமுக்கும், அப்புறம் தூக்கத்தைக் கெடுக்கும். குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் அதிலுள்ள காஃபினில் பாதி உடம்பிலேயே இருக்கும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி இன்னும் கூடும்.

வீட்டுக்காரருக்கு வருவது டிவிப் பசி. அதற்கு என்னிடம் ஒரு சோதனை உண்டு: "மோர் சோறு பிசைந்து தரட்டுமா?" என்று கேட்பேன். "தா" என்றால் பசிதான். "வேண்டாம், அந்த மிக்சர் டப்பாவை எடு" என்றால் அது வாய் கேட்பது. மிக்சர் நூறு கிராமே ஐந்நூறு கலோரியைத் தொட்டுவிடும். படம் பார்த்தபடி டப்பாவில் கைவிட்டால் அளவே தெரியாது. வேண்டாம் என்று தடுத்தால் சண்டைதான் வரும். அதனால் சின்னக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு டப்பாவைப் பரணில் ஏற்றிவிடுவேன். ஏணி போட்டு எடுக்கும் அளவுக்கு அவருக்கு இன்னும் ஆசை வரவில்லை.

நாங்கள் இருப்பது மதுரையில். நள்ளிரவிலும் புரோட்டாக் கல் சூடாக இருக்கும் ஊர். ஆசை வந்தால் எட்டு மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தால் அமிலம் தொண்டைவரை எதுக்களித்து வரும். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே பெரிய சாப்பாட்டை முடித்துவிடுவது நல்லது. அப்படியும் நெஞ்சு எரிந்தால் இடப்பக்கம் சாய்ந்து படுங்கள். இரைப்பை அந்தப் பக்கம் கீழே தங்குவதால் அமிலம் மேலேறுவது குறையும். தலையணையை அடுக்குவதைவிடக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் ஆளுக்கொரு செங்கல் வைப்பது மேல்.

மாமனார் விஷயம்தான் கவனமாகப் பார்க்க வேண்டியது. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர், அல்லது இன்சுலின் போடுகிறவர், ராத்திரி வியர்த்து, கை நடுங்கி, அகோரப் பசியோடு எழுந்தால் சுண்டல் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. கையோடு சர்க்கரை அளவைப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறிய பிறகு ஓர் இட்லியோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிடட்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். கருவி கைக்கு எட்டாவிட்டாலும் சர்க்கரைத் தண்ணீரைத் தாமதிக்க வேண்டாம். மறுநாளே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவை அவர்தான் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அவர் கட்டில் பக்கத்திலேயே சர்க்கரை டப்பா, ஸ்பூன், தண்ணீர்ச் சொம்பு மூன்றும் இருக்கும். எறும்பு வரும்தான், வந்துவிட்டுப் போகட்டும்.