போதை வழக்குகளில் புதிய நடுவர்கள் தவிர்க்க வேண்டியவை

இராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வரும் குடி, கஞ்சா வழக்குகளில் இலவச சட்ட உதவி வழக்கறிஞராக நெடுங்காலம் ஆஜராகி வருகிறேன். புதிதாகப் பொறுப்பேற்கும் குற்றவியல் நடுவர்கள், முன்பிருந்தவர்கள் செய்த பிழைகளையே திரும்பச் செய்வதைப் பார்த்து இதை எழுதுகிறேன். ஏசக் கூடாது, ‘குடிகாரன்’ என்று அழைக்கக் கூடாது என்பவை எல்லாரும் அறிந்தவை; பிழையென்றே தோன்றாமல் செய்பவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

திறந்த மன்றத்தில் காரணம் கேட்பது

“இந்தப் பழக்கம் எதனால் வந்தது? சொன்னால்தானே உதவ முடியும்?” பரிவோடு கேட்கப்படுவதால் இது தவறென்று எவருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கும் கூண்டுக்குப் பின்னால் அவருடைய படகு முதலாளியும், மனைவி வீட்டாரும், அவரைப் பிடித்துவந்த காவலரும் நிற்கிறார்கள்.

எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்து திரும்பிய மீனவர் ஒருவர், கஞ்சா புகைத்ததற்காகப் போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 27-இன் கீழ் கொண்டுவரப்பட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை குறித்துக் கேட்டபோது இந்தக் கேள்வி வந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். குரலை உயர்த்தி இரண்டாம் முறை கேட்டபோது, வாயில் லேசான சிரிப்பு ஒன்று வந்தது. ‘வருந்துவதாகத் தெரியவில்லை’ என்று பதிவாகி, சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சிறையில் துன்பப்பட்டவருக்குச் சீருடையும் உரத்த குரலும் பழைய அச்சத்தை அப்படியே மீட்டுவரக்கூடும். அப்போது நாக்கு உறைந்துபோவதும், முகம் வெறுமையாவதும், பொருந்தாத சிரிப்பு வருவதும் திமிர் அல்ல.

1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 39, தண்டிப்பதற்குப் பதிலாக, அடிமையானவரின் சம்மதத்துடன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கிச் சிகிச்சைக்கு அனுப்ப நடுவருக்கு அதிகாரம் தருகிறது. குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவிக்க வழிசெய்யும் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டமும் பிரிவு 27 வழக்குகளுக்குப் பொருந்தும். நன்னடத்தை அலுவலர் தனியே விசாரித்துத் தரும் அறிக்கை இரகசியமானது என்று அதன் பிரிவு 7 சொல்கிறது. ஊர் கேட்க ஒருவர் தன் காயத்தைச் சொல்ல வேண்டும் என்று இவற்றில் எதுவும் கேட்கவில்லை. இவ்வளவு வழி இருந்தும் கூண்டில் நிறுத்திக் கேட்பதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சிறைக்குப் போனால் தெளியும் என்று எண்ணுவது

நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுக்கமும், இரண்டு நாளுக்குள் வலிப்பும், அதையடுத்துச் சித்தப்பிரமையும் வரலாம், உயிரும் போகலாம். வெள்ளிக்கிழமை மாலை ரிமாண்டுக்கு வருபவரின் ஆபத்தான நேரம் ஞாயிற்றுக்கிழமை சிறைக்குள் கழியும். கை நடுங்குவதைக் கண்டால் முதலில் மருத்துவரிடம் அனுப்புங்கள். கடைசியாகக் குடித்த நேரத்தைக் கேட்டு, சிறை மருத்துவர் கவனிக்கும்படி ரிமாண்டு உத்தரவிலேயே எழுதுங்கள்.

அங்கீகாரமில்லாத போதை மீட்பு இல்லத்துக்கு அனுப்புவது

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் தீப்பற்றி மனநோயாளிகள் 28 பேர் மாண்டனர். பலர் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தனர். பிரிவு 39 குறிப்பிடுவது அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த நிலையங்களை மட்டுமே.

மறுபடி பழக்கத்துக்குத் திரும்பியதும் பத்திரத்தை ரத்து செய்வது

மீள்வதற்குள் பலர் ஒருமுறையாவது சறுக்குவார்கள். ரத்து செய்யுமுன் மருத்துவர் அறிக்கையைக் கேளுங்கள்.

ஜாமீன் நிபந்தனையாகத் தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்து

கடலுக்குப் போகிறவருக்கு வாரம் ஒரு நாள் போதும். அதுவும் படகு கரையில் இருக்கும் நாளாக இருக்கட்டும்.